சொல்லற்ற இசையும் தோட்டத்துச் செவியும்

மலாக்கா மாநிலத்து ஜாசின், அலோர்காஜா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தோருக்கு இசை பெரிதும் திரைப்பாடலாகவே அறிமுகமாயிற்று. 1976-இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ இளையராஜாவின் முதற்படம். அதன் பாடல்கள், தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டுப் பழகிய லயத்து வீடுகளுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு ஒலிநாடாக்களுள் அதுவும் ஒன்று.

ஆயின், என் வாழ்நாள் இசை நாட்டத்திற்கு வித்திட்டது, அவரே 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ என்னும் கருவியிசைத் தொகுப்பாகும். தியாகராசருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்ட இத்தொகுப்பில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் முதன்மை பெறுகிறது. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்னும் பகுதியில் பாக்கின் தனிவயலின் படைப்பொன்றோடு இளையராஜாவின் இசைவரிகள் உரையாடுகின்றன. அனைத்தும் முன்னரே எழுதி அமைக்கப்பட்டமையால் கருநாடக இசைக்குரிய மனோதர்மத்திற்கு இடம் சுருங்கியமை ஒரு குறையே. எனினும், ஒன்றையொன்று விழுங்காமல் இரு மரபுகள் ஒருங்கே ஒலிக்கக்கூடும் என்பதை அது மெய்ப்பித்தது.

பாடலை வகுப்பறையில் ஆராயும் நாம் சொல்லையும் அணியையும் விளக்கி நிறைவடைகிறோம். மெட்டைப் பற்றிப் பேசுவதில்லை. சொல்லே இல்லாத இத்தொகுப்பின் முன் நம் திறனாய்வுக் கருவிகள் வாயடைத்து நிற்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்களுக்குப் பெயர்ந்தபோது உடன் எடுத்துச் சென்றவற்றுள் பாட்டின் ஒலியும் அடங்கும். அவ்வொலியை விவரிக்கும் கலைச்சொற்களை மாணவருக்குப் பயிற்றாவிடில், அத்தலைமுறையின் அனுபவத்தில் ஒரு பாதி நம் ஆய்வுக்கு எட்டாமலே போகும்.