உரிமை வரலாறும் ஆசிரியர் பயிற்சியும்

சமூக உரிமைப் போராட்டங்களின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென ஆவடி வட்டாரத்தில் நடைபெற்ற ஒருநாள் பயிற்சி வகுப்பொன்றைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஜெபத்துக்குப் பின் தலைவர்களின் படங்கள் திரையில் ஒவ்வொன்றாகத் தோன்றின: அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா, பெரியார், அம்பேத்கர், மார்ட்டின் லூதர் கிங். பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, ஆற்றிய தொண்டு, மாலையில் சான்றிதழ். இடையில் ஆசிரியர் ஒருவர் எழுந்து, "ஐயா, எங்கள் தெருவை மட்டும் ஏன் காலனி என்கிறார்கள் என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்கிறான், நான் என்ன சொல்வது?" என்றார். பாடத்தில் இல்லாதவற்றுக்குள் போக வேண்டாம் என்பதே அவருக்குக் கிடைத்த விடை.

அவ்விடை தவறானது என்பதே நம் கருத்து. குறை பாடநூலில் இல்லை. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் தமிழ்நாட்டின் சமூக மாற்றங்களைப் பற்றிய பாடமும், அதில் மேற்கூறிய தலைவர்களில் பலரும் உளர். குறை, அப்பாடத்தை மாணவனின் தெருவரை கொண்டுசெல்ல ஆசிரியருக்கு யாரும் கற்றுத்தராததில் இருக்கிறது.

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகியவை முன்னர்ச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அம்மாவட்டக் கலெக்டர் திரெமென்ஹீர் 1891 இல் பறையர் நிலைபற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். படியாட்களின் கடனடிமைத்தனம் அதில் பேசப்படுகிறது. குடிசை நிற்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்தமையும் பேசப்படுகிறது. எதிர்த்துப் பேசியவன் வயலை மட்டுமல்ல, வீட்டையும் இழப்பான். இதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 இல் பிறந்த அரசாணையின் வழி ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். ஆக, மனை யாருடையது என்பது அன்றே எழுந்த கேள்வி. பையன் கேட்டதும் அதன் கிளையே. 'காலனி' என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் நீங்கலாம்; அது வந்த வரலாற்றை யார் சொல்லித்தருவது?

இவ்விடத்தில் நம்மையும் நாம் ஆராய்ந்துகொள்ள வேண்டும். சபை வரலாறுகளில் இக்கதை பெரும்பாலும் மிஷனெரிமாரின் கதையாகவே வருகிறது. திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் ஊழியம் செய்த வில்லியம் கௌடியும், செங்கற்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ருவும் ஒடுக்கப்பட்டோருக்காக வாதாடியது உண்மை. அதைக் குறைத்துக் கூற வேண்டியதில்லை. ஆயினும் அவ்வெழுத்துகளில் படியாள் பேசப்படுகிறான், பேசுவதில்லை. அரசாணைக்கு அடுத்த ஆண்டே, 1893 இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அறிக்கையையும் இதழையும் அருகருகே வைத்து, யார் யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்கப் பழக்குவதே வரலாற்று ஆசிரியருக்கான பயிற்சி. எம். சி. ராஜா பறங்கிமலையில் பிறந்தவர், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர், பாடநூல்கள் எழுதியவர் என்பதும் அன்று சொல்லப்படவில்லை. பூவிருந்தவல்லியிலிருந்து பறங்கிமலைச் சாலையில் நாள்தோறும் பேருந்தேறும் ஆசிரியர்கள் அவ்வரங்கில் இருந்தார்கள்!

இது பழங்கதையும் அன்று. 1994 இல் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தின்போது செங்கற்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். இத்தகைய செய்தியை வகுப்பில் எடுத்துரைக்க ஆசிரியர் அஞ்சுவது இயல்பு. அச்சத்தைப் போக்குவது சான்றிதழால் ஆகாது.

அமெரிக்காவில் செப்டிமா கிளார்க் என்னும் கறுப்பின ஆசிரியை, உரிமை இயக்கத்தில் தம் உறுப்புரிமையைக் கைவிட மறுத்து 1956 இல் வேலையிழந்தார். அவர் உருவாக்கிய குடியுரிமைப் பள்ளிகளில் முதலாவது 1957 இல் ஜான்ஸ் தீவில் தொடங்கியபோது, கற்பிக்க அமர்த்தப்பட்டவர் பெர்னிஸ் ராபின்சன் என்னும் சிகையலங்காரத் தொழிலாளி. வந்தவர்களிடம் அவர் முதலில் கேட்டது, நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்பதே. கிங்கின் படத்தைத் திரையில் காட்டுவோர் இதைக் காட்டுவதில்லை.

நாங்குநேரி நிகழ்ச்சிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 இல் அளித்த அறிக்கை, ஆசிரியர்களுக்குச் சாதிப் பாகுபாடு பற்றிய பயிற்சியையும், ஆசிரியர் கல்விப் பாடத்திட்டத்தின் திருத்தத்தையும் பரிந்துரைத்தது. அரசு செய்யட்டும் என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. நம் ஆயர்களில் பலர் பள்ளிகளின் தாளாளர்கள். ஆண்டுக்கு ஒருநாள் என்பதை மாதத்துக்கு ஒரு பிற்பகல் என்று மாற்றவும், 1891 அறிக்கையின் சில பக்கங்களைத் தமிழில் படியெடுத்து ஆசிரியர் கையில் கொடுக்கவும் தாளாளரால் இயலும். சபைக்குள் நீங்காத சாதியைப் பற்றி அங்கே கேள்வி எழுமாயின், அதற்கும் ஆயர் அமர்ந்திருக்க வேண்டும்.

அப்பயிற்சி வகுப்பின் நிகழ்ச்சி அறிக்கை பின்னர் நமக்கு அனுப்பப்பட்டது. வந்தோர் எண்ணிக்கையும் நன்றியுரை கூறியவர் பெயரும் அதில் உள்ளன. அந்த ஆசிரியரின் கேள்வி இல்லை.