எக்ஸ்பி-60: ஷெனாய்க்குள் நாயனம் தேடியபோது

கீபோர்டு கம்பெனிகள் பொதுவாக ஏற்றுக்கொண்ட ஜெனரல் மிடி பட்டியல் 1991இல் வந்தது. மொத்தம் 128 ஒலிகள். 105ஆவது இடத்தில் சிதார், 112ஆவது இடத்தில் ஷெனாய். நாதஸ்வரத்துக்கு அதில் இடமே கிடையாது. நம்மூர்க் கச்சேரிகளில் நாயனம் வர வேண்டிய இடத்தில் கீபோர்டுக்காரர் ஷெனாயைத் தட்டுகிறார் என்றால் குற்றம் அவருடையது அல்ல. பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதும் இல்லை. சித்தேரியில் கண்டுகொண்டார்கள்.

அரூர்ப் பக்கம் மலைமேல் இருக்கும் ஊர் அது. கோவில் விழாவுக்குப் போன மெல்லிசைக் குழுவோடு நானும் ஒட்டிக்கொண்டேன். மதியம் மைக்செட் சரிபார்க்கும்போது கீபோர்டு வாசிக்கும் தம்பி, சாமி பாட்டுக்கு முன்னால் ஒரு நாயனப் பிட்டு வாசித்தார். திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர், "ஏம்பா, வடநாட்டுக் கல்யாணத்துல வாசிக்கிற மாதிரி இருக்குதே" என்றார். பம்பையும் தவிலும் கேட்டு வளர்ந்த காது. தம்பி என்னைப் பார்த்தார். "அண்ணே, சாயங்காலத்துக்குள்ள இதை மாத்த முடியுமா?"

கையில் இருந்தது ரோலண்ட் எக்ஸ்பி-60. 1998இல் வந்த 61 கட்டைக் கருவி; ஒரே நேரத்தில் 64 குரல். இதன் தனிச்சிறப்பு, அடியில் விரிவாக்கப் பலகை பொருத்த இருக்கும் நான்கு இடங்கள். எஸ்ஆர்-ஜேவி80 என்ற வரிசையில் பியானோ, ஆர்க்கெஸ்ட்ரா, டெக்னோ, லத்தீன் என்று பல பலகைகளை ரோலண்ட் வெளியிட்டது. ஒவ்வொன்றும் 8 எம்பி. இன்று ஒரு கைப்பேசிப் புகைப்படம் அந்த அளவு இருக்கும். தம்பியின் கருவியில் இருந்தது ஐந்தாம் எண் பலகையான ‘வேர்ல்டு’. தபலா, சிதார், ஷெனாய் எல்லாம் அதில் உண்டு.

பலகையோடு வரும் தயார் ஒலிகள் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றின்மேலும் எதிரொலி, வலமும் இடமும் அலையும் கோரஸ். கடையில் வாங்குபவரை மயக்கச் செய்தவை. மேடைக்கு உதவாது. ஆனால் அந்தப் பூச்சைச் சுரண்டிவிட்டால் அடியில் இருக்கும் மூல ஒலிகள் நன்றாக இருக்கின்றன. பலகையை மதிப்பிட வேண்டியது அங்கேதான்.

இந்தக் கருவியில் ஒரு பேட்ச் என்பது நான்கு டோன்கள் வரை சேர்ந்தது. ஒவ்வொரு டோனுக்கும் சொந்தமாக ஒரு மூல ஒலி, ஒரு ஃபில்டர், ஒரு சத்த அளவு வளைவு. மூல ஒலி பலகையிலிருந்தும் வரலாம், கருவிக்குள்ளிருந்தும் வரலாம், கலப்புக்குத் தடையில்லை. முதல் டோனில் பலகையின் ஷெனாய். நாதஸ்வரம் ஷெனாயைவிட நீளமானது, ஆச்சா மரத்து உடல் கொண்டது. அதன் குரலில் கீழ்ப்பகுதி கனமாக இருக்கும். ஆகவே ஃபில்டரைக் கொஞ்சம் மூடிக் கூர்மையைக் குறைத்தேன். இரண்டாவது டோனில் உள்ளிருக்கும் ஓபோ. அதற்கு பிகேஜி வகை ஃபில்டர். குறிப்பிட்ட ஒரு பட்டையை மட்டும் தூக்கிக் காட்டும் வகை அது. சீவாளியின் மூக்கொலி அதில்தான் கிடைத்தது. மூன்றாவதில் வெறும் இரைச்சல், அதுவும் ஊதத் தொடங்கும் கணத்துக்கு மட்டும். மூச்சு முட்டி ஒலி கிளம்புவது போல ஒரு தொடக்கம் வந்துவிட்டது.

அடுத்தது விரலின் அழுத்தம். பியானோவைப் போல மெதுவாகத் தட்டினால் மெதுவாகக் கேட்கும் ஏற்பாடு நாயனத்துக்கு ஒத்துவராது. தட்டும் வேகத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள தொடர்பைப் பாதியாகக் குறைத்தேன். கட்டையை அழுத்திப் பிடித்தால் நடுக்கம் வருவதை எடுத்துவிட்டு, ஒலி மெல்லத் திறந்துகொள்ளும்படி மாற்றினேன். கமகத்துக்கு பெண்டரை நான்கு அரைச்சுரத்துக்குத் திறந்து, சோலோவும் லெகாட்டோவும் போட்டு, கொஞ்சம் போர்ட்டமென்டோ.

சோலோ போட்டதும் ஒரு சிக்கல். அந்த பேட்சில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். பின்னால் நிற்க வேண்டிய ஒத்து நின்றுபோகும். ஒத்தைத் தனி பேட்சாக்கி, பெண்டர் அளவைப் பூஜ்ஜியமாக்கி, பல பேட்ச்களை ஒன்றாக வைக்கும் பெர்ஃபார்மன்ஸில் கீழ் எட்டுக் கட்டைகளுக்கு ஒதுக்கினேன். பெண்டரை எவ்வளவு இழுத்தாலும் ஒத்து அசையவில்லை. பெர்ஃபார்மன்ஸில் இன்னொரு குறை காத்திருந்தது. 16 பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு முதன்மை எஃபெக்ட்தான். தனியாக வாசிக்கும்போது நிறைந்திருந்த ஒலி இங்கே வந்ததும் மெலிந்துவிடும். ஓராண்டு முன்னதாக, 1997இல், வந்த ஜேவி-2080க்கு மூன்று எஃபெக்ட் கொடுத்த கம்பெனி, மேடைக்காரர்கள் வாங்கும் கருவியில் ஒன்றோடு நிறுத்தியது எனக்குப் புரியவில்லை.

பன்னிரண்டு சுரங்களையும் தனித்தனியே நுட்பமாகச் சரிசெய்யும் ‘ஸ்கேல் டியூன்’ வசதி உண்டு. அந்தர காந்தாரத்தை 14 சென்ட் இறக்கினால் கீபோர்டின் கரகரப்பு போய் சுரம் அமர்கிறது. தனி ஆலாபனைக்கு அருமை. கிட்டாரும் பேஸும் சேர்ந்த பிறகு இதைத் தொடவே கூடாது, அவர்களோடு மோதும். பாடகர் ஐந்தரைக் கட்டைக்கு மாறினால் அந்த எண்களை எல்லாம் மறுபடி மாற்றிப் போட வேண்டும். மேடையில் அதற்கு யாருக்கு நேரம்?

திருத்தும் அனுபவம் எப்படி? திரை அகலமானது, எழுத்து பொடி. ஒரே அளவை நான்கு டோன்களுக்கும் வரிசையாகக் காட்டும் ‘பாலெட்’ பக்கம் மட்டும் இல்லையென்றால் நான் பாதியில் விட்டிருப்பேன். மற்றபடி பக்கத்துக்குள் பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. மாற்றியவை தற்காலிக நினைவில்தான் இருக்கும். ‘ரைட்’ அழுத்தி 128 யூசர் இடங்களில் ஒன்றில் எழுதாவிட்டால் எல்லாம் போச்சு. மலையில் ஜெனரேட்டரை மாற்றும் ஒரு நொடி போதும் அதற்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுதிவிடுவது நல்லது. இன்னொன்று: இந்த பேட்சை வேறொரு எக்ஸ்பி-60க்குக் கொண்டுபோனால், அங்கே வேர்ல்டு பலகை இல்லையென்றால், முதல் டோன் ஊமை. மிஞ்சுவது ஓபோவும் இரைச்சலும்.

இதே குடும்பத்து ஜேவி-1080இன் ஒலிகளை ரோலண்ட் இப்போது மென்பொருளாகவே தருகிறது. கணினித் திரையில் திருத்துவது நிச்சயம் சுலபம். இந்தியச் சந்தையை நினைத்து வந்த எக்ஸ்பிஎஸ்-10இல் நம்நாட்டு ஒலிகள் தயாராக உண்டு. ஆனால் ஒலியை இவ்வளவு ஆழமாகப் பிரித்துச் சேர்க்க அது இடம் தராது. தயார் ஒலி போதும் என்பவர் அதை வாங்கலாம். பலகைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

சாயங்காலம் பெரியவர் மறுபடி கேட்டார். "இப்ப பரவால்ல. ஆனா இது ஊதுற ஆளு மூச்சே வாங்க மாட்டேங்கறானே" என்றார். சரியான விமர்சனம். அதை எந்தப் பக்கத்துக்குள் போயும் திருத்த முடியாது. தம்பிதான் வாக்கியத்துக்கு வாக்கியம் கையை எடுத்து வாசிக்கப் பழக வேண்டும்.

பழையதை வாங்கப் போகிறவர்களுக்கு: பலகைகள் இப்போது தயாரிப்பில் இல்லை, கைமாறியவைதான் கிடைக்கும். கருவியோடு சேர்த்தே பேரம் பேசுங்கள். பொருத்தி, ஒலி வருகிறதா என்று கேட்ட பிறகே பணம் கொடுங்கள். ஃப்ளாப்பி டிரைவைச் சோதியுங்கள். நினைவைக் காக்கும் பேட்டரியின் வயதைக் கேளுங்கள். அந்தக் கால ரோலண்ட் கட்டைகளின் அடியில் இருக்கும் சிவப்புப் பசை வயதானால் உருகி வழியும் என்பது பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.