பகடையும் கருப்பொருளும்: கோலசிலாங்கூர்த் தோட்டநிலத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பேச்சினாலேயே ஒரு கதையை வளர்த்துச் செல்லும் விளையாட்டு மேலைநாடுகளில் 1974ஆம் ஆண்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பெயரில் நூலாக வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் அதனை உருவாக்கினர். ஆடுவோருள் ஒருவர் கதைநடத்துநர். ஏனையோர் எதிர்பாராத திசையில் செல்லும்பொழுது, அந்நொடியிலேயே புதியதோர் இடத்தையோ ஆளையோ நிகழ்ச்சியையோ படைத்துத் தரவேண்டிய பொறுப்பு அவருடையது. அதற்குத் துணையாக எழுந்தவையே கருத்து அட்டவணைகள். பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு நேரே எழுதப்பட்டிருப்பதை எடுத்துக்கொண்டு கதையைத் தொடர்வது அவற்றின் முறை. 1977இல் வந்த 'டிராவலர்' என்னும் ஆட்டத்தில் பாத்திரத்தின் முன்வாழ்க்கையையே பகடை வகுத்தது. ஆட்டம் தொடங்குமுன்னரே பாத்திரம் இறந்துபோவதற்கும் அதில் இடமிருந்தது.

இவ்வட்டவணைகளை ஓர் இலக்கிய வடிவமாகக் கொண்டு மதிப்பிட இயலுமா என்பதே நம் வினா. தமிழாசிரியர்க்கு இது தொலைவான பொருளாகத் தோன்றலாம். ஆயினும் கிளி சோதிடரிடம் அமர்ந்தவர்கள் இதன் அடிப்படையை அறிவர். கிளி எடுத்துத் தரும் அட்டையில் ஒரு படம் மட்டுமே இருக்கும். எதிரே அமர்ந்திருப்பவரின் வாழ்க்கையோடு அதனை இணைத்துக் கதையாக்குவது சோதிடரின் நாவன்மை. கிளிக்குக் கதை தெரியாது.

முன்னேற்பாடின்றிப் புனைதல் என்பது வெறுமையிலிருந்து புனைதல் அன்று. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வுநூலில், சங்க வீரநிலைக் கவிதைகள் வாய்மொழி வாய்பாடுகளைக் கொண்டு புனையப்பட்டவை என வாதிட்டார். அக்கருத்து மறுக்கப்பட்டும் வந்துள்ளது. எனினும் புலவனின் கைவசம் முன்னமே ஓர் இருப்பு உண்டு என்பதில் ஐயமில்லை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் எனத் தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்துரைத்தார். பின்வந்த நாற்கவிராச நம்பி அதனைப் பதினான்காக விரித்தார். ஐந்து திணைக்கும் பதினான்கு எனக் கட்டமிட்டால் 70 கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று நம் கண்முன் நிற்கும்.

பகடை மட்டும் அதில் இல்லை. திணை அட்டவணையில் ஒவ்வொன்றும் தன் நிலத்தோடு பிணைந்தது. மேலை அட்டவணையோ பிணைப்பை அறுத்து வியப்பை உண்டாக்குவது. இவ்வேறுபாட்டை மறைத்து, எல்லாம் நம் முன்னோரிடம் இருந்தன என்று கூறிவிடுவது திறனாய்வாகாது. ஆனால் பிணைப்பை எவ்வளவு தளர்த்தலாம் என்பதற்கும் தொல்காப்பியர் விடை வைத்துள்ளார். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வந்தால், வந்த நிலத்துக்கு உரியனவாகவே அவற்றைக் கொள்ளலாம். திணை மயங்குதலும் விலக்கப்படவில்லை. நிலம் மயங்குதலை மட்டும் அவர் உடன்படுவதில்லை. முதல், கரு, உரி என்னும் மூன்றும் பாடலில் ஒன்றினொன்று சிறந்து வருவன என்றும் கூறுகிறார். ஆகவே உரிப்பொருளே தலையாயது.

இவ்விரு விதிகளையும் அளவுகோலாகக் கொண்டால் மேலை அட்டவணைகளின் நிறையும் குறையும் விளங்கும். 1979இல் வந்த கதைநடத்துநர் கையேட்டின் பின்னிணைப்புகள் சுரங்கத்தின் அறை, வாயில், பொறி எனப் பருப்பொருளை அடுக்குகின்றன. அவற்றைப் பகடையிடம் விடலாம். பிற்காலத்து அட்டவணைகள் பலவற்றில் 'துரோகம்', 'இழப்பு', 'பழிவாங்கல்' என்றாற்போன்ற சொற்களே நிரம்பியுள்ளன. இவை உரிப்பொருள்கள். பகடை 'இழப்பு' என்று சொல்லிவிட்டால் ஆடுவோர் அதனை உணர்வதற்கு வழியில்லை; அறிவிக்கப்பட்ட துயரம் அது. பகடை கருப்பொருளைத் தரட்டும். நிலத்தையும் உரியையும் ஆடுவோரிடம் விட்டுவிடட்டும் என்பதே நம் கருத்து.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இதனைப் பொருத்திப் பார்ப்போம். சில மைல்களுக்குள் நிலங்கள் மாறும் வட்டாரம் அது. கழிமுகத்தில் அலையாத்திக் காடு; வடக்கே 1930களில் தொடங்கிய நீர்ப்பாசனத்தால் விளைந்த தஞ்சோங் காராங் வயல்கள்; உட்புறத்தில் ஈயக்குட்டைகளும் தோட்டங்களும். 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவாயிற்று. அதனை நட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே, மலாயாவைக் களமாகக் கொண்ட நாவலுக்காக 1930இல் கொன்கூர் பரிசு பெற்றார். துரை எழுதிய கதைக்குப் பரிசு கிடைத்தது. லயத்தில் சொல்லப்பட்ட கதைகளில் எத்தனை எழுத்தேறின?

இந்நிலத்துக்கு ஓர் அட்டவணை அமைப்பதாகக் கொள்வோம். முதற்பகடை இடத்தைச் சுட்டும்: பெரட்டுத் திடல், ஆயாக்கொட்டகை, பால் கொட்டகை, முனியாண்டி கோயில், ஈயக்குட்டை, ஆற்றங்கரை. இரண்டாம் பகடை பொருளைச் சுட்டும்: உடைந்த மங்கு, சிவப்பு அடையாள அட்டை, கயிறறுத்த மாடு, பெரட்டுப் புத்தகம், விடியலில் பிடித்த மழை, பெயர் சொல்லாத வெளியாள். ஆறும் ஆறும் பெருகி 36 தொடக்கங்கள். இரண்டும் நான்கும் விழுகின்றன. குழந்தைகள் உறங்கும் ஆயாக்கொட்டகையில், தொட்டிலுக்கடியில், பெரட்டுப் புத்தகம் கிடக்கிறது. அங்கு அது ஏன் வந்தது? தன் மகன் பெயர் அடிக்கப்பட்டதைக் காணப் பொறாத ஆயா ஒளித்துவைத்தாள் என்பார் ஒருவர். வேலைக்கு வராதவர் பெயரைச் சேர்த்துக் கூலி எழுதிய கிராணி, கணக்குப் பார்க்க ஆள் வருமுன் மறைத்தார் என்பார் மற்றொருவர். அச்சம், அவமானம், பிள்ளைப்பாசம் ஆகியவற்றுள் ஒன்றையும் பகடை தரவில்லை. மழையும் அவ்வாறே. மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை, அன்றைய கூலியும் இல்லை என்பதை அறிந்தவர்க்கு அச்சொல் ஒன்றே ஒரு கதை. அறியாதவர்க்கு அது வானிலை.

எண்ணும் பொருளோடு இயையவேண்டும். இரு பகடைகளின் கூட்டுத்தொகையைக் கொள்ளும் அட்டவணையில் 36 வாய்ப்புகளுள் ஏழு ஆறுமுறை வரும். இரண்டும் பன்னிரண்டும் ஒவ்வொரு முறையே வரும். அன்றாடத்தை நடுவிலும் அரிதை ஓரத்திலும் வைப்பதே முறை. கம்போங் குவாந்தான் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர ஒளிர்ந்து அணையும் காட்சியைப் பன்னிரண்டாம் இடத்தில் வைக்கலாம். அதனை ஏழில் வைப்பவர் சுற்றுலாக் கையேடு எழுதுகிறார்.

வகுப்பறைக்கு இது எவ்வாறு உதவும்? 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. ஆயினும் மனனம் செய்த முன்னுரையோடும் உவமைத்தொடர்களோடும் கட்டுரை எழுதும் பழக்கம் தேர்வோடு போய்விடவில்லை. மாதிரிக் கட்டுரையும் ஓர் இருப்புத்தான் என ஒருவர் வாதிடலாம். அதில் கருவும் உரியும் முடிவும் முன்னரே கட்டப்பட்டுள்ளன. மாணவன் செய்வது படியெடுத்தல். அட்டவணை அவனுக்கு ஒரு பொருளை மட்டும் தந்து, ஏன் என்று கேட்கிறது.

ஆனால் ஒன்றில் நாம் தயங்குகிறோம். ரப்பர் குறைந்து செம்பனை பெருகி, லயங்கள் வெறுமையாகி, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபின், மங்கு என்னும் சொல்லைப் பேரப்பிள்ளை எங்கே கேட்பான்? அவனுக்காக அமைக்கும் அட்டவணையில் கங்காணியும் கள்ளுக்கடையுமே நிறைந்தால் அது தாத்தாவின் நிலம், அவனுடையதன்று. செம்பனைக் குலை ஏற்றிய லாரியும், இன்று அத்தோட்டங்களில் உழைக்கும் வங்காளதேசத்து இளைஞனும், மின்தூக்கி பழுதான ஏழாம் மாடியும் அதே கட்டங்களில் இடம்பெற வேண்டும். அப்பொழுது நிலம் மயங்குகிறதே என்பார்க்கு, பூவும் புள்ளும் பற்றிய விதியை நினைவூட்டுவோம். மங்கு ஏழாம் மாடிக்கு வந்துவிட்டால் அது ஏழாம் மாடியின் கருப்பொருள். அதில் பாட்டி துளசி நட்டிருக்கிறாளா, வேறெதையேனும் மறைத்து வைத்திருக்கிறாளா என்பதை ஆடும் பிள்ளைகள் சொல்லட்டும்.