மழுங்கிய சான்றும் கூரிய முடிவும்

2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 'சயன்ஸ்' இதழில் சோன் மார்க்கொட் முதலிய நால்வர் வெளியிட்ட கட்டுரை, கடந்த 11,300 ஆண்டுகாலப் புவி வெப்பநிலையை 73 பதிலிச் சான்றுகளைக் கொண்டு மீளக் கட்டமைத்தது. அச்சான்றுகளுட் பெரும்பாலானவை கடலடிப் படிவுகள். கட்டுரையின் வரைபை எடுத்தாண்டோர் பலர் அதன் இறுதியிற் கருவிகள் அளந்த வெப்பநிலைக் கோட்டை ஒட்டி, 'இத்துணை விரைவான ஏற்றம் முன்னெப்போதும் நிகழவில்லை' என்றனர். இம்முடிபை அவ்வரைபு தாங்குமா என்பதே ஈண்டு எழும் வினா.

சான்றுகளின் மாதிரி இடைவெளி, இடையப் பெறுமானமாக, 120 ஆண்டுகள். ஓர் அலைவை இனங்காணக் குறைந்தது இரு மாதிரிகள் வேண்டுமாகலின், 240 ஆண்டுகளிற் குறைந்த ஆவர்த்தனகாலமுடைய அலைவுகள் அத்தகைய தொடரிற் புலப்படா. ஆயின் பிரிதிறனும் எஞ்சும் மீடிறனும் ஒன்றல்ல. பலர் இவ்விடத்தே வழுக்குகின்றனர். கடற்சேற்றிற் புழுக்கள் படிவைக் கலக்குகின்றன. காபன் காலக்கணிப்பில் வழு உண்டு. காலம் பிசகிய தொடர்களைச் சராசரியாக்குகையிற் சிகரங்கள் மேலும் தேய்கின்றன. 300 ஆண்டுகளிற் குறைந்த ஆவர்த்தனகாலமுடைய மாறல்கள் ஏறத்தாழ எஞ்சுவதில்லை என்றும், 1000 ஆண்டளவில் அரைவாசியே எஞ்சும் என்றும் ஆசிரியர்களே கூறியுள்ளனர். தம் வரைபின் இருபதாம் நூற்றாண்டுப் பகுதி புள்ளிவிபரவியல் நோக்கில் உறுதியற்றது எனவும் அவர்கள் பின்னர் விளக்கினர். கருவிப் பதிவோ 1850 அளவிலேதான் உலகளாவிய தன்மை பெறுகிறது. அவ்வடியில் எஞ்சக்கூடிய மிகக் குறுகிய அலைவின் நீளங்கூட அதற்கில்லை. வடிகட்டிய தொடரையும் வடிகட்டாத தொடரையும் ஒரே கோடாக வரைவது முறையன்று. நல்ல நோக்கம் அதனை முறையாக்கிவிடாது.

இனி, இக்குறையைப் பற்றிக்கொண்டு, 'இன்றையது போன்ற ஏற்றங்கள் பண்டும் பல நிகழ்ந்திருக்கும்' என வாதிடுவோரும் உளர். காணவியலாமையை இருத்தலுக்குச் சான்றாக்கும் இவ்வாதம் முன்னையதினும் பலவீனமானது. காபனீரொட்சைட்டு ஏற்படுத்தும் வெப்பமேற்றம் ஒரு நூற்றாண்டில் மறைவதன்று. பல்லாயிரம் ஆண்டுகள் நீடிப்பது. அத்தகைய நிகழ்வு முன்னர் நேர்ந்திருப்பின், அதன் கூர்மை மழுங்கினும் நீண்ட வால் தாழ்மீடிறனில் எஞ்சியிருக்கும். 2000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மாறல்களை இவ்வரைபு ஏறத்தாழ முழுமையாகவே பேணுகிறது. அத்தகைய வால் எதுவும் அதிற் காணப்படவில்லை.