அட்டையில் ஒரு கிட்டார்

1862-இல் அந்தோனியோ தெ தோரெஸ் என்ற ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் ஒரு கிட்டார் செய்தார். முன்பலகை மட்டும் மரம். பக்கங்களும் முதுகும் காகித அட்டை. தச்சுவேலை பழகி, பிறகு கிட்டார் செய்யப் போனவர் அவர். நாதத்தைப் பிறப்பிப்பது முன்பலகைதான் என்ற தம் நம்பிக்கையைக் கையாலேயே செய்து காட்ட நினைத்தார். அந்தக் கிட்டார் இன்று பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தச் செய்தியின் அருமை இருக்கன்குடிப் பக்கத்து மக்களுக்குச் சட்டென்று பிடிபடும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இந்த ஊரைச் சுற்றி, சாத்தூர் சிவகாசி வட்டாரம் முழுக்கப் பட்டாசுக்காகக் காகிதத்தைச் சுருட்டி, பசை தடவி, வெயிலில் காயவைத்துப் பிழைக்கும் வீடுகள். வெடியின் சத்தம் மருந்தில் மட்டும் இல்லை, அதைச் சுற்றிய காகிதத்தின் இறுக்கத்திலும் இருக்கிறது என்பது இங்கே விரல்களுக்குத் தெரிந்த பாடம். தோரெஸின் அட்டைக்குக் கிடைத்ததோ வேறு வேலை. வடிவம் கலையாமல் நின்றால் போதும், மிச்சத்தை முன்பலகை பார்த்துக்கொள்ளும்.

அந்த முன்பலகையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பலகை. கனம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர். ஒரே கட்டையை நடுவில் பிளந்து, புத்தகத்தைத் திறப்பதுபோல விரித்து ஒட்டுவதால் இடப்பக்கத்து இழைகளும் வலப்பக்கத்து இழைகளும் ஒன்றின் பிம்பமாக மற்றொன்று நிற்கும். இதுவரை கண்ணுக்குத் தெரிவது. தெரியாதது உட்புறத்தில் இருக்கிறது. ஒலித்துளைக்குக் கீழே ஏழு மெல்லிய மரச் சட்டங்களை விசிறி விரிவதுபோல ஒட்டினார் தோரெஸ். விசிறிச் சட்டத்தை முதலில் கண்டவர் அவர் அல்லர். அளவும் கோணமும் கண்டு அதை முழுமையாக்கியவர் அவர். பலகை உடையாமலும் இருக்க வேண்டும், துடிக்கவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளியில்தான் அவருடைய மேதைமை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பேன். அவர் உறுதிப்படுத்திய 65 சென்டிமீட்டர் நரம்பு நீளமே இன்றைக்கும் வழக்கம்.

ஆறு நைலான் நரம்புகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுவையை இப்படிப்பட்ட பலகைமேல் ஏற்றுகின்றன. எஃகுக் கம்பி பூட்டிய கிட்டாரில் அது 70 கிலோவைத் தாண்டும். அதனால் அங்கே உட்சட்டங்கள் பெருக்கல் குறிபோலக் குறுக்கே ஓடிப் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. நைலானும் பழையதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலம்வரை ஸ்பானிஷ் கிட்டாருக்கு ஆட்டுக்குடல் நரம்புதான். செகோவியா என்ற பெரும் கலைஞரின் ஊக்கத்தோடு அமெரிக்காவில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் நரம்பை உருவாக்கினார். யாழின் தந்தியை நரம்பு என்றே பாடிய மொழி நம்முடையது. நைலான் வந்த பிறகும் இங்கே அந்தச் சொல் பொருத்தமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்பானிஷ் கிட்டார் என்று நம் ஊரில் சொல்லும்போது ஒரு குழப்பம் வரும். ஹவாய் கிட்டாரை மடியில் படுக்க வைத்து, நரம்பின்மேல் உருக்குத் துண்டை வழுக்கவிட்டு வாசிப்பார்கள். கொல்கத்தாவில் தொடங்கிப் பல ஊர்களில் அதன்மேல் பெரும் மோகம் இருந்த காலம் உண்டு. அதிலிருந்து பிரித்துச் சொல்ல, நெஞ்சோடு அணைத்து விரலால் அழுத்தி வாசிப்பது எல்லாம் ஸ்பானிஷ் ஆயிற்று. எஃகுக் கம்பியானாலும் அதே பெயர். அமெரிக்காவிலும் இப்படித்தான்: 1936-இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட மின்கிட்டாரின் பெயரில் இருந்த இரண்டு எழுத்துகளுக்கு ‘எலக்ட்ரிக் ஸ்பானிஷ்’ என்று பொருள். ஆக, கடையில் அந்தப் பெயர் பிடிக்கும் முறையைச் சொல்கிறது. நான் இங்கே சுவைப்பது பிறந்த ஊரின் முறைப்படி செய்த நைலான் நரம்புக் கிட்டாரை.

அதை வாசிக்கும் வலக்கை தனி உலகம். தட்டுவதற்குப் பிளாஸ்டிக் வில்லை கிடையாது. சதையும் நகமும்தான். நரம்பைத் தட்டிய விரல் அடுத்த நரம்பின்மேல் போய்ச் சாய்ந்தால் ஸ்வரம் தடித்து வரும். எதையும் தொடாமல் உள்ளங்கைப் பக்கம் மடங்கினால் மெலிந்து வரும். ஒலித்துளையின் மேல் வாசித்தால் குழைவு, நரம்புகளைத் தாங்கும் பாலத்தின் அருகே போனால் உலோகம்போல ஒரு கூர்மை. ஒரே ஸ்வரத்துக்கு இத்தனை நிறம்! தாரேகா என்ற இசைக்கலைஞர் எழுதிய ‘அல்ஹம்ப்ரா நினைவுகள்’ என்ற இசைப்படைப்பில் கட்டைவிரல் கீழே ஓர் இசைக்கோலம் போட, மோதிர விரல், நடுவிரல், சுட்டுவிரல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நரம்பைத் தொடுகின்றன. மீட்டிய கணமே தேயத் தொடங்கும் ஸ்வரம் அப்போது தேயாமல் நீள்வதாகக் காது நம்புகிறது. வயலினும் நாதஸ்வரமும் இயல்பாகப் பெற்றதைக் கிட்டார் உழைத்துப் பெறுகிறது. அந்த உழைப்பு துளியும் வெளியே தெரியாததுதான் எனக்கு அதன் உச்ச அழகு.

ஆடிக் கடைசி வெள்ளியில் இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதிக்கு அக்கினிச்சட்டி ஏந்தி வருகிறவர்களுக்கு முன்னால் உறுமியும் தவிலும் முழங்கும். வெட்டவெளிக்கும் பெருங்கூட்டத்துக்கும் பிறந்த கருவிகள் அவை. கிட்டார் சிறு கூடத்துக்குப் பிறந்தது. திறந்தவெளியில் அதற்குக் குரல் கொடுத்தது ஒலிவாங்கி. நம் காதுக்கு அதைப் பழக்கியது சினிமா. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, கிளாசிக்கல் கிட்டாரில் லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றவர் இளையராஜா. 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வில் முகப்பே கிட்டார்தான். ஒரு ஸ்வரக்கூட்டை மொத்தமாகத் தட்டிவிடாமல், ஒவ்வொரு ஸ்வரமாக உதிர்த்து, முந்தையது அடங்குமுன் அடுத்ததைக் கொண்டுவந்து சேர்க்கிறது அந்த வாசிப்பு.

இந்தப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் இன்னிசைக் குழுக்கள் அந்தப் பாட்டைப் பெரும்பாலும் எஃகுக் கம்பியில் வாசிக்கின்றன. மினுமினுப்பு நன்றாகவே வருகிறது. ஓர் இரவாவது நைலான் நரம்பில் வாசிக்கச் சொல்லிக் கேட்க ஆசை. அன்றைக்கு ஒலிபெருக்கி வைப்பவர் எதிரொலிக் குமிழைத் தொடாமல், ஒலிவாங்கியைத் துளைக்கு நேரே வைக்காமல், ஓர் அடி தள்ளி, பாலத்துக்கும் துளைக்கும் நடுவே சாய்த்து வைக்கட்டும். அந்த இரண்டு மில்லிமீட்டர் பலகை துடிப்பது கடைசி வரிசைவரை கேட்கும்.