கழுத்தைக் காப்பாற்றிய வசனம்

ருட்யார்ட் கிப்ளிங் 1890-ல் ஒரு சிறுகதை எழுதினார். பெயர் 'விதவுட் பெனிஃபிட் ஆஃப் க்ளர்ஜி'. பி.காம். படிக்கும்போது பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு தொகுப்பில் அது இருந்தது. ஹோல்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, அமீரா என்ற முஸ்லிம் பெண்ணை அவள் அம்மாவிடம் பணம் கொடுத்து அழைத்து வந்து, ஊருக்குத் தெரியாமல் தனி வீடு பார்த்துக் குடித்தனம் நடத்துகிறான். 'க்ளர்ஜி' என்றால் பாதிரிமார்கள். ஆக, பாதிரியாரின் ஆசீர்வாதம் இல்லாத, தாலி கட்டாத குடித்தனம். ஓகே, புரிந்துவிட்டது என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

பாதிதான் புரிந்திருக்கிறது என்று தெரிய இருபது வருஷம் ஆயிற்று. முதலில் அந்தச் சொல் கல்யாண சமாசாரமே கிடையாது. கோர்ட் சமாசாரம். அதுவும் தூக்குமேடை சமாசாரம்!

குற்றம் செய்த பாதிரியாரை யார் தண்டிப்பது, ராஜாவா, சர்ச்சா? இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றிக்கும் ஆர்ச்பிஷப் தாமஸ் பெக்கெட்டுக்கும் இதில்தான் தகராறு. 1170-ல் ராஜாவின் வீரர்கள் பெக்கெட்டை கேன்டர்பரி தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிப்போட்டார்கள். ஆனால் பாருங்கள், கடைசியில் ஜெயித்தது செத்தவர் கட்சி. பெரும்பாலான குற்றங்களில் பாதிரியாரை சர்ச்தான் தண்டிக்கும் என்று ஆனது. சர்ச் கோர்ட்டில் தூக்கு கிடையாது. இந்தச் சலுகைதான் 'பெனிஃபிட் ஆஃப் க்ளர்ஜி'.

சரி, நிற்கிறவர் பாதிரியார்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் காலத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அதனால் லத்தீன் பைபிளை நீட்டி 'படி' என்றார்கள். படித்தால் பாதிரியார். வழக்கமாக நீட்டியது 51-ம் சங்கீதத்தில், கடவுளிடம் இரக்கம் கேட்கிற வசனம். அதற்கு 'நெக் வெர்ஸ்', கழுத்து வசனம் என்றே பெயர் வந்துவிட்டது. எழுத்தே தெரியாதவன்கூட நெட்டுருப் போட்டு வந்து ஒப்பித்தால் தப்பிக்கலாம். ஒரே ஒரு கேள்விதான், அதுவும் முன்கூட்டியே தெரிந்த கேள்வி. நமக்கெல்லாம் அப்படி ஒரு பரீட்சை வாய்க்கவில்லை.

1489-ல் ஏழாம் ஹென்றி கொஞ்சம் கறார் பண்ணினார். நிஜப் பாதிரியார் இல்லாதவருக்கு ஒரு தடவைதான். அடையாளத்துக்குக் கட்டைவிரலில் சூடு. கொலைக்கு 'எம்', திருட்டுக்கு 'டி'. நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598-ல் ஒரு சண்டையில் கேப்ரியல் ஸ்பென்சர் என்ற நடிகரைக் கொன்றுவிட்டார். வசனம் படித்தார், கட்டைவிரலில் சூடு வாங்கினார், வெளியே வந்துவிட்டார். 'வோல்போனி', 'தி ஆல்கெமிஸ்ட்' எல்லாம் அதற்குப் பிறகு எழுதியதுதான். நாடக ரசிகனாக எனக்கு சந்தோஷமே. ஆனால் பன்னிரண்டு பென்னிக்கு மேல் திருடினாலே தூக்கு என்றிருந்த ஊர் அது. கொலை செய்த புலவருக்குச் சூடு, வசனம் வராமல் திக்கிய திருடனுக்குக் கயிறு. பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாக இந்தச் சலுகை கிடைத்தது 1690-களில்தான்.

இதைக் 'கருணை' என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. கருணைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'எங்கள் சட்டம் கொடூரமானது' என்று ஒப்புக்கொள்ள மனசு வராமல், 'நீ பாதிரியார் என்று நான் நம்புகிறேன்' என நடித்துக் காட்டிய கருணை. அந்த மாதிரி கருணையை எப்போது வேண்டுமானாலும் வாபஸ் வாங்கலாம். வாங்கினார்கள். ஒவ்வொரு குற்றமாகப் பிடித்து, மரண தண்டனை என்று எழுதி, கூடவே 'விதவுட் பெனிஃபிட் ஆஃப் க்ளர்ஜி' என்று சேர்த்தார்கள். இனி வசனம் செல்லாது, கழுத்து போனது போனதுதான் என்று அர்த்தம்.

1729-ல் ஃபோர்ஜரிக்கும் அப்படிச் சேர்த்தார்கள். அந்தச் சட்டம் கப்பலேறி கல்கத்தா வந்தது. 1775-ல் மகாராஜா நந்தகுமார், வாரன் ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று புகார் கொடுத்தார். கொஞ்ச நாளில் நந்தகுமார் மீது ஒரு பழைய ஃபோர்ஜரி வழக்கு பாய்ந்தது. நீதிபதி எலைஜா இம்பே அந்த இங்கிலீஷ் சட்டப்படி தூக்கு விதித்தார். நந்தகுமார் பிராமணர். பிராமணரைக் கொல்லக்கூடாது என்பது இங்கிருந்த பழைய சலுகை. யோசித்தால் அதுவும் ஒரு 'பெனிஃபிட் ஆஃப் க்ளர்ஜி'தான்! ஆகஸ்ட் 5-ம் தேதி தூக்கில் போட்டார்கள். எந்த ஊர் சலுகையும் உதவவில்லை.

1827-ல் இங்கிலாந்தில் சாதாரண ஜனங்களுக்கு இந்தச் சலுகையையே ஒழித்துவிட்டார்கள். சட்டம் போனாலும் சொல் போகவில்லை, கல்யாணமாகாத குடித்தனத்துக்குக் கேலிப் பெயராகத் தங்கிவிட்டது.

இப்போது கிப்ளிங் கதையை மறுபடி எடுங்கள். அவர் இரண்டு அர்த்தமும் தெரிந்தே வைத்த தலைப்பு என்பது என் கட்சி. குழந்தை ஜுரத்தில் போகிறது. அமீரா காலராவில் போகிறாள். மன்னிப்பே இல்லாத தண்டனை. ஆனால் யாருக்கு? பணம் கொடுத்து வாங்கிய ஹோல்டன் உயிரோடு இருக்கிறான். அவனுக்கு உத்தியோகம் இருக்கிறது, க்ளப் இருக்கிறது. அழுகிறான், வாஸ்தவம். ஆனால் கட்டைவிரலில் ஒரு தழும்புகூட இல்லை. கிப்ளிங்கை மன்னிக்க என்னால் முடியாத இடம் இது. தலைப்பில் சட்டத்தை வைத்தவர், குற்றவாளியை மட்டும் வசனம் படிக்காமலே வெளியே விட்டுவிட்டார்.

கதை முடியும்போது வீட்டுக்காரர் வந்து, அந்த வீட்டை இடிக்கப் போவதாகச் சொல்கிறார். எங்கே இருந்தது என்றே யாருக்கும் தெரியாதபடி.