கலை அரசி பாடிய கிரகம்

1963ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த "கலை அரசி", வேற்றுக்கிரக மனிதரைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்த முதல் படம். கதை டி. இ. ஞானமூர்த்தி, இயக்கம் ஏ. காசிலிங்கம். விஞ்ஞானத்தில் முன்னேறியும் இசையில் பின்தங்கிய ஒரு கிரகத்தார், பாட்டுச் சொல்லிக்கொடுக்க வாணி என்ற பெண்ணைப் பூமியிலிருந்து தூக்கிச் செல்கிறார்கள். கடத்துபவர் நம்பியார், வாணி, பானுமதி, அவளைத் தேடிப் போகும் காதலன் எம்.ஜி.ஆர்.

தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது அதே ஆண்டு நவம்பர் 21ஆம் தேதிதான். அதற்கு ஏழு மாதம் முன்பே இப்படியொரு கதையைத் துணிந்தது பாராட்டத்தக்கது. இன்று பார்ப்பவர்கள் பறக்கும் தட்டைக் கண்டு சிரிக்கலாம். என் குறை அதுவல்ல. தான் எழுப்பிய அருமையான கேள்வியைப் படம் தானே மறந்துவிடுகிறது. பூமியின் பாட்டு வேறோர் உலகில் அதே பாட்டாக இருக்குமா?

பழனி அடிவாரத்தில் காற்றின் வெப்பம் 30 டிகிரி என்று கொள்வோம். ஒலியின் வேகம் வினாடிக்கு 349 மீட்டர். மலையேறிக் கொடைக்கானலில் 12 டிகிரிக் குளிருக்கு வந்தால் அது சுமார் 338 மீட்டர். குழலுக்குள்ளிருக்கும் காற்றும் அவ்வளவு குளிர்ந்தால், அதே புல்லாங்குழலின் சுருதி 3 சதவீதம், அதாவது ஏறக்குறைய அரை சுவரஸ்தானம், இறங்கிவிடும். ஒரு மலைக்கே இப்படியென்றால் வேறொரு கிரகத்துக்கு? செவ்வாயில் 2021இல் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் ஒலிவாங்கி இதைக் காட்டியிருக்கிறது. அங்கே ஒலியின் வேகம் சுமார் 240 மீட்டர்தான். அதிலும் 240 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி 10 மீட்டர் கூடுதல் வேகத்தில் முந்திச் செல்கிறது! போதாததற்கு, அங்குள்ள கரியமில வாயு மேல் ஸ்தாயியை விரைவில் விழுங்கியும் விடும். தன் பாடல்களைத் தானே பாடும் பானுமதியைப் போன்ற ஒரு நடிகையை வைத்துக்கொண்டு, தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்கும் ஒரு பெண்ணின் தவிப்பைக் காட்டியிருக்கலாமே! காதலுக்கும் அது உரமாகியிருக்கும். படமோ ஆள்மாறாட்டத்துக்குத் தாவிவிடுகிறது.

இதைவிடப் பெரிய பிழை கதையின் அடிப்படையிலேயே இருக்கிறது. விஞ்ஞானம் வளர்ந்த இடத்தில் இசை வற்றிவிடுமா? மிருதங்கத்தின் நாதம் இசைவான மேற்சுரங்களால் ஆனது என்று 1920இல் ஆராய்ந்து சொன்னவர் சர் சி. வி. ராமன். பௌதிகத்தை எடுத்தால் பாட்டை விட்டுவிட வேண்டும் என்று நம்பும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் இப்படம் வேற்றுக்கிரக வேஷம் போட்டிருக்கிறது.

நடந்த கதை நேர்மாறானது. 1977இல் கிளம்பிய வாயேஜர் கலங்களில், பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் தாமாகவே ஓர் இசைத்தட்டை வைத்து அனுப்பினார்கள். அதில் கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி ராகப் பாடல் இருக்கிறது. முதலாம் வாயேஜர் செப்டம்பர் 5ஆம் தேதி புறப்பட்டது; பதினொரு நாள் கழித்து அந்த அம்மையார் காலமானார். அவர் குரலைச் சுமந்த கலம் இன்று 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறது.